இரண்டாவது வரி

மீனை உறையவைப்பது எங்கள் தொழில்.
கிளைப்பெடா துறைமுகத்தில், நான்காம் வாயிலை ஒட்டி,
மைனஸ் இருபத்திரண்டு டிகிரியில்
ஆறாயிரம் அட்டைப்பெட்டிகள்.
எங்கள் சர்வர் வெந்து செத்தது.

சிரிக்கலாம். பழுது பார்க்க வந்த வைடோடஸும்
முதலில் சிரித்தான்.
துடைப்பம் வைக்கிற அறை அது.
சுவரோரம் ஓடும் வெந்நீர்க் குழாயின் திருகு உடைந்து,
வெளியே ஜனவரி ஜன்னலை நக்கிக்கொண்டிருக்க
உள்ளே விடிய விடிய உலை.
கதவைத் திறந்தபோது
இஸ்திரிப்பெட்டியை மறந்துவிட்டுப் போன வாசனை.

‘பேக்கப் இருக்குமே?’ என்றான்.

இருந்தது.
தினமும் இரவு இரண்டு பத்துக்கு
ஒரு மின்னஞ்சல் வரும்.
முதல் வரி: வெற்றி.
இரண்டாவது வரி: அளவு, பூஜ்யம் பைட்.
அக்டோபர் ஒன்பதிலிருந்து
தொண்ணூற்றெட்டு வெற்றிகள்.

அவை என் கண்ணில் படாமலே
ஏதோ ஒரு கோப்புறைக்குள் போய் விழும்படி
விதி எழுதி வைத்தவள் நான்.
யோவிட்டா, கணக்குப் பிரிவு, பதினோரு வருடம்.
இதை வைடோடஸிடம் சொல்லவில்லை.
முதலாளியிடம் சொன்னது வேறு மாதிரி.

கிடங்குக்குள் போய் நின்றேன்.
எல்லாம் இருந்தது, எதற்கும் பேரில்லை.
பெட்டிமேல் எண்கள்.
எண்களின் பொருளோ துடைப்ப அறையில் பிணமாக.
இது ஹெர்ரிங்கா, கானாங்கெளுத்தியா?
யாருடையது, எப்போது வந்தது, பணம் கட்டியாயிற்றா?
வாசலில் நார்வேக்காரரின் லாரி உறுமுகிறது.
வயிற்றில் புளி கரைத்துக்கொண்டு
‘பத்து நிமிடம்’ என்றேன்,
பத்து நாள் என்று தெரிந்தே.

வைடோடஸ் வட்டைக் கழற்றிக் காதில் வைத்துக் கேட்டான்.
சுழலவில்லை.
‘பழைய வித்தை ஒன்று உண்டு.
பத்தில் ஒன்று பலிக்கும்.
கொஞ்சம் குளிர் வேண்டும்.’

குளிரா!

இரண்டு பிளாஸ்டிக் உறை, நடுவே ஈரம் உறிஞ்ச அரிசி.
கானாங்கெளுத்திகளுக்கு இடையே படுக்க வைக்கப் போனோம்.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஜில்வினாஸ் மறித்தான்:
எண் இல்லாமல் எதுவும் உள்ளே போகாது.
எண் போடத்தான் கணினி இல்லையே என்றேன்.
சாக்குக்கட்டியை எடுத்து
உறைமேல் தானே எழுதினான்: கே-பூஜ்யம்.

மறுநாள் காலை
வட்டு தொண்டையைச் செருமியது.
நாற்பது நிமிடம் ஓடியது. நின்றது.
மறுபடி மீன்களிடம் அனுப்பினோம்.
மறுபடி எடுத்தோம்.
ஏழு முறை.
வாடிக்கையாளர் பட்டியல் முதலில் கரையேறியது,
பிறகு பலகைகள், தேதிகள்,
எப்போதோ நான் தப்பாய் அடித்து அப்படியே விட்ட
ஒரு மீன்கடையின் பெயர், அதே தப்போடு.
அந்தத் தப்பைப் பார்த்துத்தான் அழுதேன்.

ஒரு லட்சத்துப் பதினாலாயிரத்து இருநூற்றாறாவது வரியில்
டக் என்றது.
அதற்குப் பிறகு எத்தனை குளிரிலும் எழவில்லை.

மிச்சம் பத்தொன்பது நாள் ஓட்டை.
கசங்கிய ரசீதுகள் கொஞ்சம் அடைத்தன,
ஜில்வினாஸின் ஞாபகம் கொஞ்சம்.
மீதிக்குத் தொலைபேசியில் கடன்காரர்களையே கேட்டேன்:
நீங்கள் எங்களுக்கு எவ்வளவு தர வேண்டும்?

ஷிலுட்டேயில் மீன் புகைபோடும் ஸ்டானிஸ்லாவா
நோட்டைப் புரட்டி சென்ட் சுத்தமாய் வாசித்தாள்.
நாங்கள் மறந்த ஒரு பெட்டியையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள்.
பேரங்காடியின் கொள்முதல் அதிகாரி இனிமையாய்ச் சொன்னார்:
‘உங்கள் பதிவில் என்ன இருக்கிறதோ அதுதான்.’
அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது.
ஒரு தொகை சொன்னேன். பாதி சொன்னார்.
பாதியை எழுதிக்கொண்டேன்.

புது சர்வர் மாடியில், ஜன்னலோரம்.
இரவு இரண்டு பத்துக்கு வருவதை
விடிந்ததும் இரண்டாவது வரியிலிருந்து படிக்கிறேன்.

போன வாரம் இருப்புக் கணக்கெடுப்பு.
ஜில்வினாஸ் உள்ளிருந்து கத்தினான்:
‘கே-பூஜ்யம் இன்னும் இங்கேதான் இருக்கிறது,
பதிவில் ஏற்று!’
பொருள்: வட்டு.
எண்ணிக்கை: ஒன்று.
விற்பனைக்கு: இல்லை.
உரிமையாளர் என்ற கட்டத்தை
காலியாக விட மென்பொருள் சம்மதிக்காது.
சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
என் பெயரை அடித்தேன்.